கப்பக்காரன் காடு

வெள்ளகோவிலுக்கு மேற்கே ஆறு மைல்.
கிளுவை வேலியின் படலைத் திறந்து
போர் வண்டியை உள்ளே ஏற்றினோம்.
கொழுக்கட்டைப் புல்லிலிருந்து
செம்மறிகள் தலைதூக்கிப் பார்த்தன.
பத்திரத்தில் இந்தக் கொறங்காட்டின் பெயர்
கப்பக்காரன் காடு.
சிரித்துவிட்டேன்.
இங்கிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும்
கடலைப் பார்க்க விடிந்துவிடும்.

நாற்பதடியில் ஓடைக்கல் முடிந்தது, கேசிங் இறக்கினோம்.
இருநூறில் கருங்கல்.
ராத்திரி ஒன்பது மணிக்கு ஐந்நூறைத் தாண்டியும்
மாவுதான் பறந்தது.
காட்டுக்காரர் மயில்சாமி
புருவமெல்லாம் பாறைமாவோடு
கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னார்:

பொங்கியண்ணன்.
ஈரோட்டு ரயில் கொட்டகையில் கரி அள்ளியவன்.
மழை பொய்த்த வருஷத்தில்,
அல்லது அண்ணனோடு வரப்புச் சண்டையில்
(இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்)
பம்பாய் போய்
கப்பலுக்குள் அதே கரியை அள்ளினான்.
பதினேழாம் வருஷம், ஜெர்மன்காரன் சண்டை.
எந்தக் கடல் என்று காகிதத்தில் எழுதியிருந்த இடத்தை
கரையான் தின்றுவிட்டது.

தபால்காரர் படித்துப் பொருள் சொன்னாராம்:
‘தண்ணிக்குள்ள போற கப்பலொண்ணு வந்து
உம்பட ஊட்டுக்காரன் கப்பலை ஒடச்சுப்போடுச்சு.’
பாவாயி கேட்டாளாம்:
‘ஏனுங்க, தண்ணிக்குள்ள போன கப்பல்னா
அது முழுகிப்போன கப்பல்தானுங்களே?
முழுகிப்போனது எப்பிடீங்க வந்து ஒடைக்கும்?’
அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் ஒன்றும் இல்லை.
மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு
அடுத்த ஊருக்கு நடந்தார்.

அப்போது அதற்கு இந்த ஊரில் பேரே இல்லை.
பாம்பு கடித்தவனுக்கு, மாடு முட்டியவனுக்கு,
பனையிலிருந்து விழுந்தவனுக்கு
ஒப்பாரி வைத்திருந்தார்கள் பெண்கள்.
இதற்கு இல்லை.
வெகுநேரம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
கடைசியில் கிணற்றில் விழுந்தவனின் ஒப்பாரியையே எடுத்தார்கள்,
‘பெரிய’ என்று ஒரு சொல்லைக்
கிணற்றுக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு.

பின்னால் ஒரு வெண்கல வட்டம் வந்தது,
பேரைத் தப்பாகப் பொறித்து.
மோர்ச் சட்டிக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது.
இன்னும் பொருந்துகிறது.
சாயங்காலம் நான் குடித்த மோர்
அதனடியில் இருந்ததுதான்.

எண்ணூறு.
ஆயிரம்.
என் தொழில் கண்ணில் இல்லை.
பிட்டு திரும்பும் சத்தத்திலேயே
கீழே ஈரம் உண்டா என்று தெரிந்துவிடும்.
அந்த முழுகின கப்பலுக்குள்ளும் ஒருவன்
இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்
காது கொடுத்திருப்பானோ?
மேலே, இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம்
பொங்கியண்ணன் சவளைத் தட்டிக் கரியை உதறுகிறான்.
கேட்டிருந்தாலும்
கப்பல் என்றுதான் கேட்டிருக்கும்.
வெள்ளகோவில் என்று கேட்டிருக்காது.

ஆயிரத்து நூற்றெண்பதில்
‘போதுங்க’ என்றார் மயில்சாமி.
ராடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கும்போது
கிழக்கே வெளுத்தது.
தென்னங்கன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.
யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

வண்டி நோட்டில் எழுதினேன்:
இடம், கப்பக்காரன் காடு.
ராடு, ஐம்பத்தொன்பது.
கேசிங், நாற்பதடி.
தண்ணீர் என்ற கட்டத்தில்
‘இல்லை’ என்று எழுதவேண்டும்.
வாரத்துக்கு மூன்று முறையாவது எழுதுகிற சொல்.

இந்தக் காட்டுக்குச் சொந்தக்காரன் மேல்
எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதோ.
என்னிடம் அவ்வளவு ராடு இல்லை.

கட்டத்தைக் காலியாக விட்டேன்.
முதலாளி கேட்பார்.